"கேஸ் மாத்திரை" கேட்டு வருபவர்களில் யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? (கணைய அழற்சி)

கடையம் மருந்துக்கடை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கடைக்கு வாரவங்க நோயைச் சொல்ல மாட்டாங்க, மருந்தைத்தான் சொல்லுவாங்க. "ஒரு பான்-டி, ரெண்டு ஜெலுசில், வாயுக்கு நல்லதா ஏதாவது." ஊர்க் கொடை முடிஞ்ச மறுநாள் இது ரெட்டிப்பாகும். கிடாக்கறியும் டாஸ்மாக்கும் சேர்ந்தா வயிறு என்னத்துக்கு ஆகும்! பெரும்பாலும் சாதாரண நெஞ்செரிச்சல்தான், மாத்திரையில் அடங்கிடும்.

ஆனா கணைய அழற்சி (இரைப்பைக்குப் பின்னால இருக்கிற கணையம்ங்கற செரிமானச் சுரப்பி வீங்குறது) உள்ளவரும் இதே "வாயு வலி"ன்னுதான் வந்து நிப்பாரு. ஸ்கேன் இல்லாம, ரத்தம் பாக்காம, கவுண்டர்ல நின்னு ரெண்டு நிமிஷத்துல அவரைப் பிரிச்சு எடுக்க என்ன வழி? எவ்வளவு நேரம் பொறுத்துப் பாக்கலாம்? போய்ச் சேருறவரைக்கும் என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது? லிப்பேஸ் (கணையம் சுரக்கிற என்சைமை அளக்குற ரத்தப் பரிசோதனை) பாத்துட்டு வாங்கன்னு லேபுக்கு அனுப்பலாமா? "டாக்டரைப் பாருங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, மணிக்கணக்கும் அளவும் வேணும்.

கேஷுவாலிட்டி டூட்டி (அவசர சிகிச்சை மருத்துவர்)

நேரத்திலிருந்தே தொடங்குறேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே விடாமல் பிடிச்ச கடும் வலி அரை மணி நேரத்துக்கு மேல் நின்னா, அது மருந்துக்கடையில் தீர்க்கிற வலி இல்லை. வாயு வலி வரும், போகும். ஏப்பம் விட்டாலோ காத்துப் பிரிஞ்சாலோ இறங்கும். குடல் பிடிப்பு அலையலையா வரும். கணைய வலி பத்து இருபது நிமிஷத்தில் உச்சிக்கு ஏறி அங்கேயே நிக்கும். மணிக்கணக்கா நிக்கும்.

கவுண்டரில் மூணு கேள்வி போதும். மல்லாக்கப் படுக்க முடியுதா? கணைய வலிக்காரர் படுக்க மாட்டார். முன்னால் குனிஞ்சு, வயித்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். கணையம் முதுகெலும்பை ஒட்டி இருக்கு, மல்லாந்தா இழுக்கும். அடுத்து, வாந்தி எடுத்த பிறகு வலி குறைஞ்சுதா? அஜீரணத்தில் வாந்தி எடுத்தா ஆசுவாசம் கிடைக்கும். இதில் எத்தனை தரம் எடுத்தாலும் வலி அப்படியே இருக்கும். மூணாவது, வலி முதுகுக்குப் பாயுதா? பாயுதுன்னா சந்தேகம் பலமாகும். ஆனா சுமார் பாதிப் பேருக்குத்தான் அப்படிப் பாயும், அதனால் முதுகு வலிக்கலைன்னு கணையத்தைக் கழிச்சுடாதீங்க.

இதைவிட முக்கியமானது ஒண்ணு. நாற்பது தாண்டினவர், சுகர்காரர், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர் "நெஞ்சுக்குழி வலி"ன்னு வந்தா முதல் சந்தேகம் மாரடைப்பு. இதயத்தோட அடிப்பக்கம் அடைச்சா வலி வயித்தில்தான் தெரியும், வாந்தியும் வரும், வேர்க்கும். கவுண்டரில் ரெண்டையும் பிரிக்க யாராலயும் முடியாது, பிரிக்கவும் வேண்டாம். ரெண்டுக்கும் போற இடம் ஒண்ணுதான். வந்து சேர்ந்த பத்து நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுக்கிற இடமா இருக்கணும். லிப்பேஸ் பாக்க லேபுக்கு அனுப்புறது இதனால்தான் தப்பு. லிப்பேஸ் வர்ற ஒரு மணி நேரத்தில் இதயத் தசை போயிடும்.

கீழே சொல்றதில் ஒண்ணு இருந்தாலும் ஆட்டோ, பைக் வேண்டாம், 108 கூப்பிடுங்க: மூச்சு வாங்குது, நிக்கும்போது கண்ணு இருட்டுது, உளறல் அல்லது அசாதாரண மயக்கம், நாடி 100-க்கு மேல், காய்ச்சலோட நடுக்கம், ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, கண்ணு மஞ்சள், வயிறு பலகை மாதிரி விறைச்சுத் தொடவே விட மாட்டேங்குறார், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம்.

தொப்புளைச் சுத்தியோ விலாவிலோ நீலம் பாரிக்கிறதுன்னு பாடப்புத்தகத்தில் ஒரு அடையாளம் இருக்கும். அதைத் தேடாதீங்க. அது தெரிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், பெரும்பாலானவங்களுக்கு வரவே வராது.

முதல் நாளில் அனுப்புறது ஏன் இவ்வளவு முக்கியம்னா, கணையத்தில் நெருப்புப் பிடிச்சதும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிஞ்சு வயித்துக்குள்ளேயே தேங்கும். வெளியில் ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உடம்பு வறண்டு, கிட்னி முதலில் அடிபடும். ஐந்தில் நாலு பேருக்கு நோய் லேசானது, ஒரு வாரத்தில் தேறிடுவாங்க. மிச்சம் உள்ளவங்க யாருன்னு முதல் மணி நேரத்தில் வலியை வச்சுச் சொல்ல முடியாது. நுரையீரலோ கிட்னியோ ரத்த ஓட்டமோ பழுதாகி 48 மணி நேரத்துக்கு மேலும் மீளலைன்னாதான் அதைக் 'கடுமையானது'ன்னு வகைப்படுத்துறோம். அந்த 48 மணி நேரம் வீட்டில் கழியக் கூடாது.

பொருநைக்கரை நர்ஸ்

டாக்டர் சொன்னது சரி. 'கொடுக்கக் கூடாது'ங்கற பக்கத்தை நான் எழுதுதேன்.

டைக்ளோபினாக் ஊசி, மாத்திரை ரெண்டும் வேண்டாம். வாந்தி எடுத்து வறண்ட உடம்பில் அது கிட்னியைப் பதம் பாத்துடும். உள்ளே இருக்கிறது அல்சர் ஓட்டைன்னா கேக்கவே வேண்டாம். சைக்ளோபாம், மெஃப்டால் ஸ்பாஸ் வகையும் வேண்டாம். அசைவு குறைஞ்ச குடலை இன்னும் தூங்க வைக்கும், வயிறு உப்பும். சோடா, ஈனோ, ஓமத்திரவம், சுக்குக் கசாயம் எல்லாம் வாந்தியைக் கூட்டுறதோட சரி. வாயு மாத்திரை ஒண்ணு போட்டதால் பெரிய கெடுதல் இல்லை. "போட்டாச்சு, பாப்போம்"னு ராத்திரி முழுக்க உக்காந்திருப்பாங்களே, அதுதான் கெடுதல்.

தொக்கம் எடுக்க (வயித்துல சிக்கினதா நம்புறதை எடுத்து விடுற நாட்டு வைத்தியத்துக்கு) கூட்டிட்டுப் போறது, எண்ணெய் போட்டு வயித்தை உருவி விடுறது நம்ம ஊர்ல இன்னும் உண்டு. வீங்கின கணையத்தை அழுத்துற காரியம் அது. நேரமும் போகும். சொல்லுங்க, கோபப்படாம சொல்லுங்க. நம்பிக்கை விஷயம், ஏளனமா பேசினா நேரா அங்கதான் போவாங்க.

போற வழியில்: சாப்பாடு, பால், இளநீர் எதுவும் வேண்டாம். வாய் வறண்டா தண்ணியில் நாக்கை நனைக்கலாம், ஒரு மடக்குக்கு மேல் வேண்டாம். உக்காந்து முன்னால் சாய்ஞ்சோ, முழங்காலை மடக்கி இடது பக்கமா ஒருக்களிச்சோ வரட்டும். வாந்தி வந்தா ஒருக்களிச்சிருக்கிறதுதான் பாதுகாப்பு. பைக்ல ரெண்டு பேருக்கு நடுவுல சொருகிக் கூட்டிட்டு வாராங்க. வழியில் மயங்கினா மூணு பேரும் விழுவாங்க.

கடையத்துக்கு அம்பையும் (அம்பாசமுத்திரம்) தென்காசியும் கிட்டத்தான். அங்க ஈசிஜி எடுத்து, ட்ரிப் ஏத்தி, தேவைன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) அனுப்புவாங்க. "பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரா போயிடுவோம்"னு காருக்குக் காத்திருந்து ரெண்டு மணி நேரத்தைத் தொலைக்கிறதைவிட இது எவ்வளவோ மேல்.

கடையம் மருந்துக்கடை

ரொம்ப உபயோகம். ரெண்டு சந்தேகம். குடிக்காதவங்க, பொம்பளையாள், சின்னப் பிள்ளைங்க இவங்களுக்குக் கணையம் வராதுன்னு எடுத்துக்கலாமா? ரெண்டாவது, சிலர் ஏற்கெனவே லேப் ரிப்போர்ட்டோட வந்து "லிப்பேஸ் கூடியிருக்கு, என்ன மாத்திரை"ன்னு கேக்காங்க. அதை எப்படிப் படிக்கணும்?

லேப் மேசை

ரிப்போர்ட் விஷயம் நம்ம பக்கம்.

லிப்பேஸ், அமிலேஸ் (இதுவும் கணைய என்சைம்தான்) ரெண்டிலும் வெறும் எண்ணைப் பாக்காதீங்க. பக்கத்தில் அச்சடிச்ச மேல் எல்லையைப் பாருங்க. அதைப்போல மூணு மடங்கு அல்லது அதுக்கு மேல் இருந்தாதான் கணைய அழற்சிக்கான கணக்கு. மேல் எல்லை 60-ன்னு போட்ட லேபில் 180. சில மெஷினில் மேல் எல்லையே 300 இருக்கும், அங்கே 900. "ஒரு லேபில் 150, இன்னொரு லேபில் 700, ஏறிப்போச்சு"ன்னு பதறுவாங்க. ரெண்டு மெஷினோட அளவுகோல் வேற வேற. ஒண்ணரை மடங்கு, ரெண்டு மடங்கு ஏற்றம் கிட்னிக் கோளாறு, குடல் கோளாறிலும் வரும்.

நேரக் கணக்கு: லிப்பேஸ் வலி தொடங்கி 4 முதல் 8 மணி நேரத்தில் ஏறும், ஒரு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒண்ணு ரெண்டு வாரம் வரை இறங்காம நிக்கலாம். அமிலேஸ் மூணு நாலு நாளில் இறங்கிடும். நாலு நாள் வலியை வீட்டில் தாங்கிட்டு அமிலேஸ் மட்டும் பாத்து 'நார்மல்'னு சொன்னா அது ஏமாத்து. வலி வந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த லிப்பேஸும் சரியா இருக்கலாம். வலி நின்னுடலைன்னா திரும்ப எடுக்கணும்.

எண்ணு பெருசா இருந்தா நோய் பெருசுன்னு அர்த்தமில்லை. 3000 இருக்கிறவர் நாலு நாளில் வீட்டுக்குப் போவார், 400 இருக்கிறவர் ஐசியுவில் கிடப்பார். கணையம் உறுதியான பிறகு தினமும் லிப்பேஸ் பாக்குறது காசுக்குக் கேடு. அப்போ பாக்க வேண்டியது யூரியா, கிரியாட்டினின் (ரெண்டும் கிட்னிக்கு), ஹீமாட்டோகிரிட் (ரத்தம் எவ்வளவு கெட்டியாச்சுன்னு காட்டுறது), கால்சியம்.

இன்னொரு விஷயம், பலர் தவற விடுறது. ரத்தத்தை மெஷினில் சுழற்றி வச்சா மேல்பக்கம் மோர் மாதிரி வெள்ளையா நிக்கும் சிலருக்கு. அது டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு. 1000 mg/dL-க்கு மேல் போனா அதுவே கணைய அழற்சிக்குக் காரணமாகலாம். அப்படிப்பட்ட ரத்தத்தில் அமிலேஸ் பொய்யா 'நார்மல்' காட்டும், சோடியமும் பொய்யாக் குறையும். பட்டினி கிடந்தா டிரைகிளிசரைடு சரசரன்னு இறங்கும், அதனால் முதல் சாம்பிளிலேயே கேட்டு வாங்கணும். கட்டுப்பாடில்லாத சுகர்காரங்களுக்கு இது அடிக்கடி.

கேஷுவாலிட்டி டூட்டி

குடிக்காதவங்க கேள்விக்கு: உலக அளவில் முதல் காரணம் பித்தப்பைக் கல்தான், மது அதுக்கு அடுத்தது. கல் பொம்பளைங்களுக்குத்தான் கூடுதல், பிரசவத்தை ஒட்டி இன்னும். வலது விலாக்கீழ் வலி, கொழுப்பு சாப்பிட்ட பிறகு வந்து மணிக்கணக்கா நிக்குதுன்னா பித்தக்கல்லை நினைங்க. கர்ப்பிணிக்கு ஐந்து மாசத்துக்கு மேல் மேல்வயிறு வலிச்சா முதலில் பிரஷர் பாக்கணும். அந்த வலி ரத்த அழுத்தக் கோளாறில் ஈரல் வீங்குறதாவும் இருக்கலாம். ரெண்டுமே அன்னிக்கே பாக்க வேண்டியது.

பிள்ளைங்களுக்கு ரெண்டு இடத்தில் உஷாரா இருங்க. சைக்கிள்ல விழுந்து ஹேண்டில்பார் வயித்தில் குத்தியிருந்தா, அப்போ ஒண்ணும் இல்லாம விளையாடப் போகும். மறுநாள், சில சமயம் அதுக்கும் அடுத்த நாள் வலியும் வாந்தியும் வரும். கணையம் முதுகெலும்பு மேல நசுங்கின கேஸ் அது. இன்னொண்ணு பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்கு நாலைந்து நாளில் மேல்வயிற்று வலி.

மருந்துக்கடைன்னு சொன்னதால் இதையும் சேர்க்குறேன். சோடியம் வால்ப்ரோயேட் (வலிப்பு மருந்து), அசாதயோப்ரின் (எதிர்ப்புச் சக்தியை அடக்குற மருந்து) சாப்பிடுறவர் இந்த வலியோட வந்தா அடுத்த டப்பாவைக் கொடுத்து அனுப்பாதீங்க. அவங்களாவே நிறுத்தவும் கூடாது, வால்ப்ரோயேட்டை நிறுத்தினா வலிப்பு திரும்பிடும். அன்னிக்கே டாக்டர் முடிவு பண்ணணும். சுகருக்கான சிட்டாக்ளிப்டின், இளைக்கப் போடுற செமாக்ளுடைட் ரெண்டுக்கும் கணைய எச்சரிக்கை உண்டு. கடும் வலின்னா செமாக்ளுடைட் ஊசியின் அடுத்த தவணையைப் போட வேண்டாம். இன்சுலினை மட்டும் "சாப்பிடலையே"ன்னு அடியோடு நிறுத்திட வேண்டாம், கீட்டோன் ஏறும். ஆஸ்பத்திரியில் அளவு மாத்துவாங்க.

வள்ளியூரான்

ஏற்கெனவே நாள்பட்ட கணைய நோய் உள்ளவங்க ஒவ்வொரு வலிக்கும் அட்மிட் ஆக முடியுமா அண்ணாச்சி? ரெண்டு நாள் பட்டினி கிடந்தா இறங்குதுல்லா. அதுதானே ஆஸ்பத்திரியிலயும் பண்ணுதாங்க?

குடல் அறுவை சிகிச்சை

வள்ளியூரான், பட்டினிதான் வைத்தியம்ங்கற காலம் போயிடுச்சு. வாந்தி நின்னு பசி எடுத்தா முதல் ஒண்ணுலேர்ந்து மூணு நாளுக்குள்ளேயே கொழுப்புக் குறைஞ்ச சாப்பாடு தொடங்குறோம். குடலைக் காய விட்டா அதோட சுவர் மெலிஞ்சு கிருமி உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது சலைன் கணக்கும் கண்காணிப்பும். அந்தக் கணக்கும் மாறியிருக்கு. முன்னாடி வெள்ளமா ஏத்துவோம். 2022-ல் வந்த ஒரு ஆய்வில், முதலில் கிலோவுக்கு 20 மில்லி கொடுத்துப் பிறகு கிலோவுக்கு மணிக்கு 3 மில்லி ஓட்டினவங்களில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் கோத்துக்கிட்டது. கிலோவுக்கு மணிக்கு 1.5 மில்லின்னு நிதானமா ஓட்டினவங்களில் அது 6 சதவீதம்தான். ரிங்கர் லாக்டேட் போட்டு, மூத்திரத்தை அளந்து, அளவை மாத்திக்கிட்டே வரணும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது மூத்திரம் இறங்கணும். வீட்டில் எதை அளப்பீங்க?

நாள்பட்ட நோய்க்காரருக்கு ஒரு சலுகை உண்டு, மறுக்கலை. வழக்கமான இடத்தில், வழக்கமான அளவு வலி, காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, தண்ணி உள்ளே நிக்குது, டாக்டர் எழுதின வலி மாத்திரைக்கு அடங்குதுன்னா 24 மணி நேரம் கஞ்சித்தண்ணி, மோர்னு ஓட்டிப் பாக்கலாம். வலி புது மாதிரியா இருந்தாலோ, மாத்திரைக்கு அசையலைன்னாலோ, வயித்தில் கட்டி மாதிரி தட்டுப்பட்டாலோ அந்தச் சலுகை கிடையாது. தாக்குதல் முடிஞ்சு நாலு வாரம் கழிச்சு சிலருக்குக் கணையத்தை ஒட்டி நீர்க்கட்டி முதிரும். சாப்பிட்ட ரெண்டு வாயிலேயே வயிறு நிறைஞ்சு வாந்தி வருதுன்னா அது இரைப்பையை அமுக்குது.

என்னோட பெரிய மனக்குறை பித்தக்கல் விஷயத்தில். கல்லால் லேசான கணைய அழற்சி வந்து தேறினவர், "வலி போயிடுச்சு, அறுப்பு எதுக்கு, ஆடி முடியட்டும், கல்யாணம் முடியட்டும்"னு வீட்டுக்குப் போயிடுவார். நெதர்லாந்தில் நடந்து 2015-ல் வந்த ஆய்வில், அதே அட்மிஷனில் பித்தப்பையை எடுத்தவங்களில் 5 சதவீதம் பேர்தான் பித்தக்கல் தொல்லையால் திரும்ப வந்தாங்க. ஒரு மாசம் தள்ளிப்போட்டவங்களில் 17 சதவீதம். கணையத்தைச் சுத்தி நீர் தேங்கியிருந்தா மட்டும் வத்தும்வரை பொறுக்கணும். கல்லோட காய்ச்சல், நடுக்கம், மஞ்சக்காமாலை மூணும் சேர்ந்தா அது வேற அவசரம். குழாய் வழியா அடைப்பை 24 மணி நேரத்துக்குள் திறக்கணும். மஞ்சளைப் பாத்துட்டு கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிற நேரம் இல்லை அது.

முதல்நாள் ஸ்கேன் பத்தியும் சொல்லிடுறேன். அல்ட்ராசவுண்டில் பித்தக்கல் நல்லாத் தெரியும். கணையம் குடல் காத்து மறைச்சுப் பாதி நேரம் தெரியாது. "ஸ்கேன் நார்மல்"னா கணையம் நல்லா இருக்குன்னு பொருள் இல்லை. சிடி வந்த அன்னிக்கே எல்லாருக்கும் தேவையில்லை. சந்தேகம் தீரலைன்னா எடுக்கலாம். திசு அழுகியிருக்கான்னு பாக்க மூணு நாலு நாள் கழிச்சு எடுத்தாதான் சரியாத் தெரியும்.

பொருநைக்கரை நர்ஸ்

டிஸ்சார்ஜ் ஆனவங்க உங்க கடைக்குத்தானே வருவாங்க, அதனால சாப்பாடும் சொல்லிடுதேன். முதல் சில வாரம் ஒரு நாளைக்கு 30 கிராம் கொழுப்புக்குள்ள அடங்கணும். அல்வாவுக்கு லீவு. தேங்காய்ப்பால் சொதிக்கும் லீவுதான், "சொதி லேசான சாப்பாடு"ன்னு நினைச்சுக் கொடுப்பாங்க, அதுல இருக்கிறது முழுக்கத் தேங்காய்க் கொழுப்பு. உளுந்தங்களி சத்துன்னு குழி பறிச்சு நல்லெண்ணெய் ஊத்துவாங்க, அதுவும் இப்ப ஆகாது. இட்லி, இடியாப்பம், குழைஞ்ச சோத்துல ரசம், ஆவியில் வெந்த மீன் போதும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம், கொஞ்சம் கொஞ்சமா. சாராயம், பீர், கள்ளு எதுவும் இனி இல்லை. புகையும் விடணும், அது கணையத்தைத் தனியாவே கெடுக்கும்.

குடிப்பழக்கம் உள்ளவர் அட்மிட் ஆகும்போது கடைசியா எப்ப குடிச்சாருன்னு உண்மையைச் சொல்லணும். போலீசுக்கா சொல்லுதோம்? நிறுத்தின ஆறு மணி நேரத்திலிருந்து மூணு நாளுக்குள்ள கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரும். முன்கூட்டியே தெரிஞ்சா மருந்து போட்டுத் தடுக்கலாம். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவாங்க.

குடல் அறுவை சிகிச்சை

ஒரு இடைச்செருகல், நம்ம பக்கத்துக்கு உரியது. குடிக்காத இளவட்டம், பள்ளிக்கூட வயசிலிருந்து அடிக்கடி மேல்வயிற்று வலி, இப்போ ஒல்லியாகிட்டே போகுது, மலம் எண்ணெய்ப் பசையா மிதக்குது, சுகரும் புதுசா வந்திருக்கு. இதை 'அல்சர்'னு வருஷக்கணக்கா மருந்து கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1960-களில் விவரிச்ச வெப்பமண்டலக் கணைய நோய் இதுதான். கணையக் குழாயில் சுண்ணாம்புக் கல் சேரும். மரச்சீனிக் கிழங்கு காரணம்னு அப்போ பேசினாங்க, அது நிலைநாட்டப்படலை. ஸ்பிங்க்-1 மரபணு மாற்றம் பலரிடம் இருக்கு. மலையடிவாரத்தில் மரச்சீனி தின்ன எல்லாருக்கும் பயம் வேண்டாம், ஆனா இந்த வலிக்கு ஒரு தரமாவது கணையத்தைப் பாக்கணும்.

இவங்களுக்கு எழுதுற என்சைம் கேப்சூலை எப்படிச் சாப்பிடணும்னு கடையில் சொல்லுங்க. ஒரு வேளை சாப்பாட்டுக்கு 25,000-லிருந்து 50,000 யூனிட் வரை எழுதுவாங்க. முதல் வாய் சோத்தோட விழுங்கணும், ரெண்டுன்னா இன்னொண்ணு பாதிச் சாப்பாட்டில். வெறும் வயித்தில் போட்டா உணவைச் சந்திக்காமலே வீணாப் போகும். மெல்லக் கூடாது.

கடையம் மருந்துக்கடை

கடைசிக் கேள்வி. அனுப்பும்போது சீட்டுல என்ன எழுதிக் கொடுத்தா டூட்டி டாக்டருக்கு உதவும்?

கேஷுவாலிட்டி டூட்டி

வலி தொடங்கின மணி. "காலையிலிருந்து"ன்னு எழுதாதீங்க, "5.30"னு எழுதுங்க, லிப்பேஸைப் படிக்க அதுதான் அளவுகோல். நீங்க கொடுத்த மருந்து, அளவு, நேரம். வேற எங்கேயாவது ஊசி போட்டிருந்தா அதுவும். தினமும் சாப்பிடுற மாத்திரைப் பட்டைகளை ஒரு கவரில் போட்டு அனுப்புங்க, பெயர் எழுதினா தப்பு வரும். கடைசியா சாப்பிட்ட நேரம், குடிச்ச நேரம், ஒண்ணுக்குப் போன நேரம். பழைய ஸ்கேன் இருந்தா எடுத்துக்கச் சொல்லுங்க. அதில் 'பித்தப்பையில் கல்'னு ஒரு வரி இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. ஆதார், ரேஷன் கார்டு, முதல்வர் காப்பீட்டு அட்டை மறுநாள் கொண்டுவந்தா போதும், அதைத் தேடிக்கிட்டு வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம்.